மழைக்கு முன் மரத்தைப் பார்ப்போம்

(ஆகஸ்ட் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில், நம் வளாகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னிடம் பதினைந்து நிமிடம்தான் கேட்டார். கொஞ்சம் கூடப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் உங்களுக்குத் தெரியும். மேற்கு மதிலோரம் நிற்கும் மூன்று வேம்பையும், பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தென்னையையும் மழைக்கு முன்னால் வெட்டிவிட வேண்டும் என்று ஒரு மனு வந்திருக்கிறது. வாக்கெடுப்பு அடுத்த மாதம். அதற்குள் மரங்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றார்கள்.

மனு கொடுத்தவர்களை நான் குறை சொல்லப்போவதில்லை. அவர்களுடைய பயம் நியாயமானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அது அதிகம். தெருவில் நின்ற தண்ணீர் வடிவதற்கே நாள் கணக்கானது. ஈரத்தில் ஊறிப்போன மண்ணில் மரம் எப்படி நிற்கும் என்று அன்றைக்கு ராத்திரி ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் லேசில் போகாது.

பயம் வெறும் கற்பனையும் இல்லை. 2017 ஜூலையில் மும்பை செம்பூரில் ரோட்டில் நடந்துபோன ஒரு பெண்மணி மேல் தென்னை சாய்ந்து, அவர் இறந்துபோனார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே டி.வி.யில் பார்த்தது. அந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று அங்கே குடியிருந்தவர்கள் ஏற்கெனவே அனுமதி கேட்டிருந்தார்கள். மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மாநகராட்சி மறுத்துவிட்டது. ஆகவே, பச்சையாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதேபோல, உயரமாக இருக்கிறது, அதனால் ஆபத்து என்றும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் தூர். நாம் எல்லோரும் அண்ணாந்து கொப்பைப் பார்க்கிறோம். மரம் தெரிந்தவன் முதலில் குனிந்து பார்ப்பான். வேர் எல்லாம் கிணறு மாதிரி ஆழமாகப் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பகுதி மேலாக உள்ள இரண்டடி மண்ணில்தான் இருக்கிறது. அகலத்தில் கொப்பின் நிழலையும் தாண்டிப் போகிறது. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

இப்போது நம் மேற்கு மதிலோரத்துக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கார் நிறுத்தும் இடத்தை உயர்த்த வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். லாரி லாரியாகக் கிராவல் அடித்து, அதன்மேல் பேவர் பிளாக் பதித்தோம். கார்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்த மூன்று வேம்பும் இப்போது தூரே வெளியில் தெரியாமல் கம்பம் நட்ட மாதிரி நிற்கின்றன. இயல்பான மரம் தரையைத் தொடுகிற இடத்தில் யானைக்கால் மாதிரி விரிந்திருக்கும். அந்த விரிவு தெரியவில்லை என்றால் மரம் கழுத்துவரை புதைந்திருக்கிறது என்று அர்த்தம். மூடிய பட்டை ஈரத்தில் அழுகும், கீழே உள்ள வேர் மூச்சு முட்டும். உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து உச்சி காயத் தொடங்கும். அப்போது நாம் மரத்துக்கு வயசாகிவிட்டது என்போம். நம் மரங்களுக்கு இப்போது அந்த இரண்டாவது வருஷம் நடக்கிறது. இந்த ஊரில் வெள்ளத்துக்குப் பின் தரையை உயர்த்தாத காம்பவுண்டு குறைவு. உங்கள் சொந்தக்காரர் வீட்டிலும் போய்ப் பாருங்கள்.

இதற்கு மருந்து மண்வெட்டிதான். தூரைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது பிளாக்கைப் பெயர்த்து, அடித்த மண்ணைக் கையால் கிளறி எடுத்து, பழைய தரைமட்டம் தெரிகிற வரைக்கும் திறந்துவிட வேண்டும். பள்ளமாக இருக்கிறதே, யாராவது தடுக்கி விழுவார்களே என்றால் சுற்றிலும் ஒரு வரிசை செங்கல் கட்டி மேலே கம்பி வலை போடலாம். டெல்லி மரங்களுக்காக 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைத்தான் உத்தரவாகவே போட்டது: மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று. நாம் யாரும் உத்தரவு போடுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் பள்ளம் தோண்டுவது. அடுத்த மாதம் கழிவுநீர்க் குழாய் மாற்றப்போகிறோம். குழாய் வேலைக்காரர் நேர்கோட்டில் தோண்டுவார், குறுக்கே வேர் வந்தால் கடப்பாரையால் வெட்டுவார். அவர் வேலை அது. நாம்தான் கோட்டைத் தள்ளிப் போடச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கட்டுமான விதிகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மார்பு உயரத்தில் மரத்தின் குறுக்களவு எவ்வளவோ, அதைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குள் தோண்டாதே என்று. நம் வேம்பு ஓரடி அகலம் இருக்கும். அப்படியென்றால் சுற்றிலும் பன்னிரண்டு அடி. முழுசாக முடியாவிட்டாலும், ஒரு பக்கமாவது விட்டுவைக்கலாம். ஒரு பக்க வேரை முழுக்க வெட்டிய மரம் அடுத்த மழையில் எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாய்வைப் பற்றியும் கேட்டார்கள். மூன்றாவது வேம்பு 'பி' பிளாக் பக்கம் சாய்ந்திருப்பது உண்மை. நமக்குக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து. கச்சான் காற்று வருஷத்தில் நாலு மாதம் ஒரே பக்கமாகத் தள்ளினால் மரம் கிழக்கே சாய்ந்துதான் வளரும். அப்படிச் சின்ன வயசிலிருந்து சாய்ந்த மரம் மேலே போகப்போக வளைந்து நிமிர்ந்திருக்கும். சாய்வுக்கு ஏற்றபடி வேரையும் தடிக்க வைத்திருக்கும். பயப்பட வேண்டியது புதுச் சாய்வுக்கு. தண்டு வளைவே இல்லாமல் குச்சி மாதிரி நேராகச் சாய்ந்திருக்கிறதா, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் பிறை வடிவ வெடிப்பு இருக்கிறதா, தூரில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, இரண்டு பெரிய கவைகள் சேருமிடத்தில் பட்டை உள்ளே மடிந்து விரிசல் விட்டிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். பொந்து இருந்தால் மட்டும் பதறாதீர்கள். பொந்தைச் சுற்றியுள்ள நல்ல மரச்சுவர், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பொதுவாகத் தாங்கும். குழாய் உள்ளே வெறுமையாக இருந்தும் நிற்கிறது அல்லவா, அந்தக் கணக்குதான். தயவுசெய்து பொந்தில் சிமெண்ட் பூசாதீர்கள். காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது. அந்த இடுக்கில் தண்ணீர் தங்கி அழுகல் அதிகமாகும்.

நான் பார்த்தவரை மூன்று வேம்பிலும் காளான் இல்லை, வெடிப்பு இல்லை. என் கண்ணுக்குப் பட்டது அவ்வளவுதான். நான் பயிர் படித்தவன், மர நிபுணர் வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒருவரை ஒருநாள் வரவழைத்து எழுத்தில் அறிக்கை வாங்கிவிட்டு வாக்கெடுப்பு வைத்தால், வெட்டினாலும் விட்டாலும் சங்கத்துக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

அடுத்து கவாத்து. நம் ஊரில் கவாத்து என்றால் மொட்டை. ஆள் வருவார், பாதி உயரத்தில் வெட்டிவிட்டு, 'இனிப் பயமில்ல சார்' என்று போவார். அடுத்த வருஷம் வெட்டிய இடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர் கொத்தாகக் கிளம்பும். பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். ஆனால் அந்தக் கொப்புகள் உள்மரத்திலிருந்து வந்தவை அல்ல, மேல்பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. அவை கனக்கும்போது கீழே இருக்கும் வெட்டுமுகமும் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். நாலைந்து வருஷம் கழித்து ஒரு காற்றில் கொத்தாகப் பிய்ந்து விழும். பாதுகாப்புக்கு என்று செய்தது அந்த மரத்தில் இல்லாத ஆபத்தை உண்டாக்குகிறது.

அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்தவர். 1977 இல் அவர் எழுதியதிலிருந்துதான் இன்றைய மரப் பராமரிப்பே தொடங்குகிறது என்று சொல்லலாம். நம் தோலில் காயம் பட்டால் ஆறும், மரத்துக்கு ஆறாது. காயத்தைச் சுற்றி உள்ளே ஒரு சுவர் எழுப்பி, கெட்டதை அடைத்துவைத்துவிட்டு, புது மரத்தை மேலே வளர்த்துக்கொள்ளும். அந்தச் சுவர் எழும்ப வசதியான இடம், கொப்பு தண்டில் சேருகிற இடத்தில் சுருக்கமும் வீக்கமுமாக இருக்கிற கழுத்து. கழுத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் கழுத்து போய்விடும்; ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்த முனை காய்ந்து அழுகலை உள்ளே கொண்டுபோகும். பெரிய கொப்பு என்றால் மூன்று வெட்டு: கழுத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடியிலிருந்து பாதி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுசும், கடைசியாக மிச்சக் கட்டையைக் கழுத்தில். இல்லாவிட்டால் கொப்பு விழும்போது தண்டின் பட்டையை நீளமாகக் கிழித்துக்கொண்டு போகும். வெட்டிய இடத்தில் தார், பெயிண்ட் எதுவும் வேண்டாம். ஒரு தடவையில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது.

காய்ந்ததை, உரசுவதை, கட்டடத்தில் இடிப்பதை எடுத்தாலே வேம்புக்குப் போதும். ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடலாம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கூலிக்குப் பதில் விறகை எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுகிறோம். சங்கத்துக்குச் செலவில்லை என்று சந்தோஷம். விறகுதான் கூலி என்றால் அவர் எவ்வளவு வெட்டுவார்? தடிமனான கொப்பைத்தான் தேடுவார், அவர்மேல் தப்பே இல்லை. எனவே நாள்கூலி பேசுங்கள். எந்தக் கொப்பு என்று முன்னாலேயே சுண்ணாம்பால் குறியிடுங்கள். வெட்டிய வாதும் இலையும் நம் வளாகத்திலேயே இருக்கட்டும். வேப்பிலை, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் நல்ல மூடாக்கு.

ஏறுகிற ஆளைப் பற்றி. முத்துக்குளிப்பு இந்தக் கடலில் 1961 வரை நடந்தது. குளிக்கிறவருக்குத் தோணியில் கயிறு பிடிக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தங்கை தாலி பற்றிய கவலை கயிற்றில் இருக்கும் என்று. மரத்தில் ஏறுகிறவருக்கும் கீழே கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும், அவர் செல்போன் பார்க்காதவராக இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை, தலைக்கவசம், கொப்பை இறக்க வேறொரு கயிறு. இவை இல்லாமல் செயின்சாவோடு ஏணியில் நிற்கிற ஆளை நம் வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. மின்கம்பி அருகில் என்றால் மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்து, லைனை நிறுத்திய பிறகுதான் அரிவாளையே எடுக்க வேண்டும். பச்சைக் கொப்பு கம்பியில் பட்டால் மின்சாரம் பாயும். தென்னை ஏறுபவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் கேரா சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. நம் மரம் ஏறுபவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் சேர்த்துவிடுவது சங்கத்துக்குப் பெரிய காரியமில்லை.

இனித் தென்னை. இரண்டில் ஒன்றின் தண்டில் ஏறுவதற்காக யாரோ படி படியாக வெட்டிவைத்திருக்கிறார்கள். தென்னை, பனை வகைக்கு அந்தக் காயம் எந்தக் காலத்திலும் மூடாது; தண்டு சுற்றிலும் புதிதாகப் பருக்கிற மரம் அல்ல அது. அந்த வெட்டுகளில்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். உள்ளே புழு தின்னும். வெளியே பழுப்பு நிறச் சாறு வடியும், நார்த்தூள் தெரியும். காதை வைத்தால் கறுமுறு என்று சத்தம்கூடக் கேட்கும். அந்த மரத்தில் நான் இரண்டு இடத்தில் சாறு பார்த்தேன். அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். உள்ளே கூடாகியிருந்தால், விளையாட்டிடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும். மனுவின் அந்தப் பகுதியோடு எனக்கு உடன்பாடு. மற்றத் தென்னை நன்றாக இருக்கிறது. 45 நாளுக்கு ஒரு தடவை காயும் காய்ந்த மட்டையும் இறக்கினால் போதும். பச்சை மட்டையைக் கழிக்காதீர்கள், குருத்தைத் தாங்குவது அதுதான்.

தென்னைக்குக் கீழே நிறுத்திய கார் பிசுபிசுப்பாகிக் கறுத்துப்போகிறது என்ற புகாருக்குக் காரணம் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் இது 2016 இல்தான் வந்தது, பொள்ளாச்சிப் பக்கம் முதலில் பார்த்தார்கள். இலையின் அடியில் சாறு குடித்துத் தேன் மாதிரி ஒன்றைக் கீழே விடும், அதில் கரும்பூசணம் படரும். இதற்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அந்த ஈயைத் தின்று கட்டுப்படுத்துகிற குட்டிக் குளவிதான் முதலில் சாகும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுங்கள். காரைத் தள்ளி நிறுத்துவதும் ஒரு வழி.

வேம்பு கருகுவது பற்றியும் ஒரு வார்த்தை. சில வருஷமாகத் தமிழ்நாடு முழுக்க மழைக்குப் பிறகு வேப்பமர நுனிகள் தீயில் வாட்டிய மாதிரி காய்வதைப் பார்க்கிறோம். தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சி குத்த, குத்திய இடத்தில் ஒரு பூசணம் நுழைகிறது. பார்த்தால் மரம் செத்துவிட்ட மாதிரியே இருக்கும். வெட்ட வேண்டாம். பங்குனி வரை பொறுங்கள், பெரும்பாலும் துளிர்த்துவிடும். காய்ந்த நுனிகளை மட்டும் கழித்து அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீர்தான் எனக்கு அதிகக் கவலை. கடலோரத்து போர்வெல், சொல்ல வேண்டியதில்லை. போதாதற்கு, வீட்டு ஆர்.ஓ. மெஷினில் கழிந்து வருகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. இலையின் விளிம்பு பழுப்பாகிச் சுருண்டால், தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றுகிறோம். டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். 450க்குக் கீழே கவலையில்லை. 2000ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. தென்னை ஓரளவு தாங்கும். ஆர்.ஓ. கழிவு நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகட்டும். மரத்துக்குத் தினமும் கொஞ்சம் ஊற்றுவதைவிட, வாரம் ஒருமுறை ஆழமாக நனைகிற மாதிரி விட்டால் உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கும். மொட்டைமாடி மழைநீரில் ஒரு குழாயை அந்த வேம்புகளின் பக்கம் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மதிலுக்கு வெளியே ரோட்டோரம் நிற்பது நம் மரம் இல்லை. அதைத் தொட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பின்பக்கக் காலிமனையில் நிற்கிற பனைகளை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். மதிலுக்குள் உள்ளதற்கும் மாநகராட்சியிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு தென்னை போனால் அந்த இடத்தில் என்ன வைப்பது? 2016 வர்தா புயலில் சென்னையில் விழுந்தவற்றில் குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை ஆகியவை ஏராளம். அழகான மரங்கள்தான், ஆனால் வெளியூர்க்காரர்கள். நம் புயலுக்குப் பழகாதவர்கள். வாசலில் வேலி மாதிரி வளர்த்திருக்கிற கோனோகார்பஸும் போகட்டும். குஜராத் 2023 இல் அதற்குத் தடை போட்டது, தமிழ்நாடும் 2025 இல் தடை செய்துவிட்டது. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே மரம் இருக்கிறது. புன்னை உப்புக்காற்றில் பிறந்து வளர்ந்தது, இலை தடிமன், மெதுவாக வளரும், எளிதில் முறியாது. பூவரசும் புங்கையும் அதேபோல் கடற்கரைக்கு ஏற்றவை. என்னைக் கேட்டால் விளையாட்டிடத்துக்குப் புன்னை, கார் நிறுத்துமிடத்துக்குப் புங்கை.

புரட்டாசி கடைசியில் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து ஆறப்போடுங்கள். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண்ணின் உப்பு இறங்கிய பிறகு நடுங்கள். கன்றின் தூர் தரைமட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு விரல்கூடப் புதையக் கூடாது. இரண்டு பக்கமும் குச்சி நட்டுப் பழைய சேலைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், அசைந்தால்தான் தண்டு பலப்படும். அடுத்த ஐப்பசியில் அந்தக் கட்டை அவிழ்க்கிற பொறுப்பை யாராவது ஒருவர் இன்றைக்கே பெயர் கொடுத்து ஏற்றுக்கொள்ளுங்கள். செயலாளரிடம் நோட்டு இருக்கிறது.